சூப்பர் பாண்டரோசா!

ஜூன் மாதம் பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாக அந்த ஈரக் காற்று தென்காசிப் பக்கம் இறங்க ஆரம்பித்துவிட்டால் போதும்... ஊரே குற்றாலத்துக்குக் கிளம்பிவிடும். துண்டு, எண்ணெய், சீயக்காய் என்று மூன்று சாமான்களோடு போனது அந்தக் காலம். அப்புறம் நாலாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. இளவட்டங்களின் தோளில் தொங்கும் கறுப்புப் பை! உள்ளே குழந்தையைப் போல் பூத்துணியில் சுற்றி வைக்கப்பட்ட டி.எஸ்.எல்.ஆர். கேமரா! (குற்றாலத்துக் குரங்குகளுக்கு அந்தப் பைக்குள் முறுக்கு இருக்கிறதா, லென்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியாது. ஜாக்கிரதை!)

சரி, 'முதல் கேமராவாக எதை வாங்குவது?' கல்லூரிக்குப் போகும் பையனோ பெண்ணோ இருக்கிற வீடுகளில் என்றாவது ஒருநாள் ராத்திரி சாப்பாட்டு வேளையில் இந்தக் கேள்வி வந்து விழும். கடைக்காரர் ஒன்று சொல்வார். பக்கத்து வீட்டு அண்ணன் வேறொன்று சொல்வார். துபாயிலிருந்து வந்த சித்தப்பா, "இதெல்லாம் ஒரு கேமராவாலே?" என்பார். அப்பாவோ, 'நாலு மாசச் சம்பளமாச்சே' என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு ரசத்தை ஊற்றிக்கொள்வார்!

இது இன்றைய கேள்வி என்று நினைக்கிறீர்களா? இல்லை. இதே தென்தமிழ்நாட்டில் 230 ஆண்டுகளாகப் பலர் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற கேள்விதான் இது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போவோமே!

*

1792. மூன்றாம் மைசூர் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. சென்னையிலிருந்து தெற்கு நோக்கி ஒரு சின்ன ஊர்வலம் கிளம்பியது. பல்லக்குத் தூக்கிகள், சமையல்காரர்கள், மூட்டை சுமப்பவர்கள்... நடுவே இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள். சித்தப்பா தாமஸ் டேனியல், அண்ணன் மகன் வில்லியம் டேனியல். மைசூர்ச் சீமை, திருச்சி, மதுரை என்று வரைந்துகொண்டே வந்தவர்கள், திருநெல்வேலிச் சீமைக்குள் நுழைந்து நம்முடைய மேற்கு மலை அடிவாரங்களில் சுற்றினார்கள். பாபநாசம் அருவியைப் பார்த்து அசந்துபோய் அவர்கள் வரைந்த படம், பிற்பாடு லண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 படங்கள் கொண்ட 'ஓரியன்டல் ஸீனரி' தொகுப்பில் இடம்பெற்றது. தென்காசியிலிருந்து கூப்பிடு தூரத்து அருவி, லண்டன் சீமான்களின் வரவேற்பறைக்குப் போய்விட்டது!

இதில் கேமரா எங்கே வந்தது என்கிறீர்களா? வந்தது! டேனியல்களின் சாமான்களில் 'கேமரா அப்ஸ்க்யூரா' என்ற கருவியும் உண்டு. லத்தீன் மொழியில் அதற்கு 'இருட்டறை' என்று அர்த்தம். சமாசாரம் ரொம்ப எளிது. இருட்டாக இருக்கும் ஒரு பெட்டியில் சின்னதாக ஒரு துளை போட்டால், வெளியே இருக்கிற மரம், மலை, மாடு எல்லாம் எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். ஓட்டை விழுந்த ஜன்னல் கதவு உள்ள வீட்டில் மதியத் தூக்கம் போட்டிருந்தால், தெருவில் போகிறவர்கள் சுவரில் தலைகீழாக நடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்!

துளையில் ஒரு லென்ஸைப் பொருத்தினால் உருவம் பளிச்சென்று ஆகும். உள்ளே 45 டிகிரி சாய்வில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தால், உருவம் மேலே திரும்பி, பெட்டியின் மூடியில் உள்ள கண்ணாடிப் பலகையில் நேராக விழும். மேலே மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் அப்படியே நகல் எடுக்கலாம். இப்படி ஒரு பெட்டியை யோஹான் ஸான் என்ற ஜெர்மன் பாதிரியார் 1685-லேயே படம் போட்டு விளக்கிவிட்டார்!

அந்தச் சாய்ந்த கண்ணாடியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 'டி.எஸ்.எல்.ஆர்.' என்பதில் கடைசியாக நிற்கிற 'ஆர்' இருக்கிறதே... 'ரிஃப்ளெக்ஸ்' - அதாவது பிரதிபலிப்பு... அது இந்தக் கண்ணாடிதான்! லென்ஸ் வழியாக வரும் ஒளியை மேலே திருப்பி உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி 'டப்'பென்று மடங்கி வழிவிடுகிறது. பின்னால் இருக்கும் சென்ஸாரில் ஒளி விழுகிறது. 'ச்ச்ளக்' என்று கேட்கிறதே ஒரு கம்பீரமான சத்தம்... கண்ணாடி மடங்கித் திரும்புகிற சத்தம்! இந்தச் சத்தத்துக்காகவே டி.எஸ்.எல்.ஆர். வாங்கியவர்கள் உண்டு.

*

டேனியல்களிடம் உருவத்தைப் பார்க்க வழி இருந்தது. பிடித்து வைக்கத்தான் வழி இல்லை. கை வலிக்க வரைந்தார்கள். உருவத்தைத் தானாகவே பதிய வைக்கும் வித்தையை பாரிஸில் டகேர் 1839-ல் உலகுக்கு அறிவித்தார். அதற்குப் பிறகு வெறும் 18 ஆண்டுகளில் ஒரு மனிதர் மாட்டுவண்டிகளில் கேமராவை ஏற்றிக்கொண்டு நம் ஊர்ப்பக்கம் வந்துவிட்டார். பெயர் லின்னேயஸ் ட்ரைப். மதராஸ் ராணுவத்தில் கேப்டன். மதராஸ் மாகாண அரசின் அதிகாரப்பூர்வமான புகைப்படக்காரர்.

1857 கடைசியிலும் 1858-லும் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார் ட்ரைப். அவர் முன்னால் நின்ற கேள்வியும் நம்முடைய கேள்விதான். எந்தச் சாதனத்தை எடுத்துக்கொண்டு போவது?

அப்போது 'லேட்டஸ்ட்' என்றால் கண்ணாடித் தகடு. 1851-ல் வந்த கொலோடியன் முறை. படம் கத்தி மாதிரி கூர்மையாக வரும். ஆனால், ஒரு பெரிய சங்கடம்... தகட்டில் ரசாயனத்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆகவேண்டும். கிடைக்கிற அவகாசம் ஏதோ பத்து நிமிஷம். மதுரை வெயிலில் எவ்வளவு கிடைக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்! போகிற இடமெல்லாம் இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், உடையக்கூடிய கண்ணாடிகள்...

ட்ரைப் யோசித்தார். புதுசை ஒதுக்கி வைத்துவிட்டு, மெழுகு பூசிய காகித நெகடிவ்வைப் பிரதானமாக வைத்துக்கொண்டார். காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து அடுக்கிக்கொள்ளலாம். உடையாது. கனம் குறைவு. ஆனால், படம் பதிய நிமிஷக்கணக்கில் ஆகும். பரவாயில்லை என்றார். அவர் எடுக்கப் போவது கோபுரங்களை. கோபுரம் நடந்து போய்விடாதே!

எது உலகத்திலேயே சிறந்தது என்று அவர் பார்க்கவில்லை. 'நான் எடுக்கப் போகிற பொருளுக்கும், போகப் போகிற ஊருக்கும் எது சரிப்பட்டு வரும்?' என்று பார்த்தார். அந்தக் காகிதத்துக்கும் குறை உண்டு. வானத்தின் நீலத்துக்கு அது அளவுக்கு மீறி மயங்கிவிடும். படத்தில் வானம் வெள்ளைத் துணி விரித்த மாதிரி வெறுமையாக இருக்கும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகடிவ்விலேயே தூரிகையால் தொட்டுத் தொட்டு மேகங்களை வரைந்தார்! 'ஃபோட்டோஷாப்' இப்போது வந்த கலை என்று யார் சொன்னது?

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரு சுருளாகச் செய்தார். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை எடுத்தார். அப்போது அது சிதிலமாகிக் கிடந்தது. கவர்னர் நேப்பியர் 1866-க்கும் 1872-க்கும் நடுவில் அதைப் பழுது பார்த்தார். பழுது பார்ப்பதற்கு முன்னால் மகால் எப்படி இருந்தது என்று இன்று பார்க்க வேண்டுமானால் ட்ரைப்பின் படங்களிடம்தான் போகவேண்டும்.

இவ்வளவு செய்த மனுஷருக்கு என்ன மரியாதை கிடைத்தது? 1859-ல் புதிய கவர்னராக வந்தார் சார்லஸ் ட்ரெவெல்யன். கஜானா கணக்கைப் பார்த்தார். 'புகைப்படமா... அரசாங்கத்துக்கு இதெல்லாம் பெரிய ஆடம்பரம்' என்று ஒரே போடாகப் போட்டு, வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். ட்ரைப் ராணுவ வேலைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் எடுத்த படங்கள் கொஞ்சமே. 1902-ல் காலமானார்.

கேமரா ஆடம்பரமா, அவசியமா... சாப்பாட்டு வேளையில் அப்பாவும் மகனும் போடுகிற அதே சண்டை! அதில் ட்ரெவெல்யன் ஜெயித்தார். ஆனால், இன்று ட்ரெவெல்யன் மிச்சப்படுத்திய ரூபாய் எங்கே என்று யாருக்குத் தெரியும்? ட்ரைப்பின் படங்களை மட்டும் உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன.

*

இப்போது நம்முடைய கதாநாயகர். அசல் திருநெல்வேலிக்காரர்! 1912-ல் அங்கே பிறந்த மா.கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் கடைசிப் பிள்ளை. தாவரவியல் படித்தவர், படம் வரையத் தெரிந்தவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். 'தி ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் ஆரம்பித்து 1996-ல் இறக்கும் வரை, 46 ஆண்டுகள் இயற்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தியாவின் ஆரம்பகாலக் காட்டுயிர்ப் புகைப்படக்காரர்களில் தலையாயவர்.

காட்டில் யானையை எடுக்கவேண்டும் என்றால் நீளமான டெலி லென்ஸ் வேண்டும். பெரிய நெகடிவ் வேண்டும். இரண்டும் சேர்ந்த கேமரா வெளிநாட்டில் கிடைக்கும். விலை? சொன்னால் தலை சுற்றும். அது போக, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கழுத்தைப் பிடித்த காலம். கிருஷ்ணன் என்ன செய்தார்? ஒரு கம்பெனியின் கேமரா உடம்பை எடுத்தார். இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸை எடுத்தார். வேறு வேறு இடங்களிலிருந்து உதிரி பாகங்களைச் சேர்த்தார். எல்லாவற்றையும் தானே இணைத்து ஒரு ராட்சச கேமராவை உருவாக்கினார். அதைக் கண்ணால் பார்த்த நண்பரும் இயற்கையாளருமான டேவிதார், பாகங்களைச் சேர்த்துக் கட்ட பூட்ஸ் கயிறு கூடப் பயன்பட்டிருந்ததோ என்ற சந்தேகத்தைக் கிண்டலாகப் பதிவு செய்திருக்கிறார். விஞ்ஞானக் கதையில் வரும் யந்திரம் மாதிரி இருந்ததாம். வேறு யாரையும் தொட விடமாட்டாராம்!

அதற்கு அவர் வைத்த பெயர்... 'சூப்பர் பாண்டரோசா'! ஆங்கிலத்தில் 'பாண்டரஸ்' என்றால் கனத்துத் தடுமாறுவது. தன் கேமராவைத் தானே கேலி செய்து வைத்த பெயர் அது!

அந்தக் கோமாளிப் பெட்டியை வைத்துக்கொண்டு, காட்டுக்குள் கால்நடையாகவும் கும்கி யானையின் முதுகிலும் போய், அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பாருங்கள். யானையின் தோல் மடிப்பு, காட்டெருமையின் பார்வை... தொட்டால் சுடும் போலிருக்கும். வண்ணப்படம் பரவிய பிறகும் அவர் கறுப்பு வெள்ளையிலேயே நின்றார். தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. விலங்கு எத்தனை அடி தூரத்தில் நிற்கும், காட்டுக்குள் வெளிச்சம் எவ்வளவு இருக்கும், தன் தோள் எவ்வளவு தாங்கும்... இதற்கெல்லாம் விடை தெரிந்த பிறகுதான் அந்தப் பெட்டி உருவானது. நம்மில் பலர் பெட்டியை முதலில் வாங்கிவிட்டு, 'இதை வைத்து என்ன எடுக்கலாம்?' என்று அப்புறம் யோசிக்கிறோம்!

*

எல்லோரும் கிருஷ்ணன் ஆக முடியுமா? முடியாது. நம்முடைய தாத்தாக்களுக்கு 1960-களில் 'அக்ஃபா க்ளிக்-3' வந்தது. இந்தியாவிலேயே, பரோடாவில் தயாரானது. ஒரு ஃபிலிம் சுருளுக்கு 12 படம். 'வெயில்', 'மேகம்' என்று அமைப்புகளைச் சுலபமாக மாற்றிக்கொள்ளலாம். ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று. அருவி கொட்டினாலும் சரி, அத்தை சிரித்தாலும் சரி, அதே வேகம்தான்! ஃபிலிமுக்கும் நம் மாநிலத்திலேயே வழி பிறந்தது. 1960-ல் நிறுவப்பட்ட ஊட்டியின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. 'இந்து' என்றால் சந்திரன். வெள்ளி உப்பில் உருவம் பிடிக்கிற பொருளுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! டிஜிட்டல் அலையில் அந்தத் தொழிற்சாலை நலிந்து, பின்னர் மூடப்பட்டுவிட்டது.

12 படம்தான் என்பதால் நம் தாத்தா என்ன செய்தார்? யோசித்து எடுத்தார். பாட்டியை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி நிற்கவைத்தார். கண்ணை மூடாதே என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். இன்று ஒரு நிமிஷத்தில் 100 படம் எடுக்கிற பையனுக்கு இந்த 12 படக் கட்டுப்பாடு ஒரு நல்ல வாத்தியார். புது கேமரா வாங்கியதும் ஒருநாள் அருவிக்கரைக்குப் போய், '12 படம்தான் எடுப்பேன்' என்று உங்களுக்கு நீங்களே சத்தியம் செய்துகொண்டு பாருங்களேன்!

*

ஃபிலிமை விரட்டிய டிஜிட்டல் கதை இன்னும் ருசியானது. 1975-ல் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் இன்ஜினீயர் கோடக் கம்பெனியில் ஒரு பெட்டியைச் செய்தார். சுமார் மூன்றரைக் கிலோ. படத்தைக் கேஸட் டேப்பில் பதிவு செய்தது. ஒரு படத்துக்கு 23 விநாடி! பக்கவாட்டில் 100 புள்ளி, மேலும் கீழும் 100 புள்ளி. மொத்தம் 10,000 புள்ளி... அதாவது 0.01 மெகாபிக்ஸல். ஃபிலிம் விற்றுக் கோடி கோடியாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த கம்பெனியின் மேலிடத்துக்கு, ஃபிலிமே தேவையில்லாத கேமரா எப்படிப் பிடிக்கும்? அவ்வளவாக ஆர்வம் காட்டவில்லை. 2012-ல் அதே கோடக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

1991-ல் கோடக் வெளியிட்ட முதல் தொழில்முறை டிஜிட்டல் எஸ்.எல்.ஆரில் உடம்பு நிக்கானுடையது. 1.3 மெகாபிக்ஸல். படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியாகத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். விலை ஏறக்குறைய 20,000 டாலர்! 1999-ல் நிக்கான் டி-1, 2.7 மெகாபிக்ஸல். 2003-ல் கேனன் 300-டி... 6.3 மெகாபிக்ஸல், அமெரிக்காவில் 1,000 டாலருக்குக் கீழே. அந்த வருஷம்தான் டி.எஸ்.எல்.ஆர். பத்திரிகை ஆபீஸ்களிலிருந்து இறங்கி, சாதாரண மனிதர்களின் தோளுக்கு வந்தது. அடுத்த பத்தே ஆண்டுகளில் தென்காசிக் கல்யாண மண்டபங்கள் வரை வந்து சேர்ந்துவிட்டது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 6.3 மெகாபிக்ஸல் என்றால் 3,072 புள்ளி அகலம், 2,048 புள்ளி உயரம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். வகுத்துப் பாருங்கள். சுமார் 10 அங்குலத்துக்கு 7 அங்குலம்! ஒரு பத்திரிகைப் பக்கத்தை ஏறக்குறைய நிரப்பிவிடும். 2003-ன் கேமராவே இதைச் செய்தது என்றால், '24-ஆ, 32-ஆ?' என்று கடையில் நின்று மண்டையை உடைத்துக்கொள்வது தேவைதானா? புள்ளிகளின் எண்ணிக்கை அல்ல, அவற்றின் மேல் ஒளியைக் கொண்டுவந்து போடுகிற லென்ஸ்தான் ராஜா. பணத்தைப் பிரிக்கும்போது உடம்புக்குக் கொஞ்சம் குறைத்து லென்ஸுக்குக் கூட்டுங்கள். உடம்பு ஐந்து வருஷத்தில் பழசாகும். நல்ல லென்ஸ் உங்கள் பிள்ளை காலத்துக்கும் உழைக்கும்.

*

சரி, குற்றாலத்துக்கு வருவோம். ட்ரைப் மாதிரி முதலில் ஊரைப் பார்ப்போம். இந்த ஊர் கேமராவை என்ன செய்யும்?

சாரல்! உடம்புக்கு அமிர்தம், லென்ஸுக்கு விஷம். ஈரம் உள்ளே புகுந்தால் கண்ணாடியில் மெல்லிய சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும். ஆகவே, கேமராவைத் தோல் பைக்குள் மூடி பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம்... இந்த மலிவுச் செலவு உங்கள் லென்ஸின் ஆயுளை நீட்டும். பழைய கேமரா வாங்கப் போகிறீர்களா? லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பூஞ்சை தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். ஷட்டர் இதுவரை எத்தனை முறை திறந்திருக்கிறது என்றும் கேளுங்கள். தொடக்க நிலை கேமராக்கள் பலவற்றுக்கு ஒரு லட்சம் தடவை என்று கணக்குச் சொல்வார்கள். கல்யாண வீடுகளில் உழைத்த கேமரா என்றால் அந்த லட்சம் சீக்கிரமே தீர்ந்திருக்கும்!

அடுத்து, என்ன எடுக்கப் போகிறீர்கள்? அருவி என்றால், கேமராவோடு வரும் 18-55 லென்ஸே தாராளம். தண்ணீர் முத்து முத்தாகத் தெறிக்க வேண்டுமா? விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பட்டுத் துணி மாதிரி வழிய வேண்டுமா? அரை விநாடி. அதற்குக் கையில் பிடித்தால் ஆடும். முக்காலி வேண்டும். ஐ.எஸ்.ஓ.வை 100-க்கு இறக்குங்கள், துவாரத்தை எஃப் 16-க்குச் சுருக்குங்கள். அப்படியும் வெளிச்சம் கூடுதலாக இருந்தால், கூலிங் கிளாஸ் மாதிரி ஒரு 'என்.டி. ஃபில்டர்' மாட்டுங்கள். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்துக்கும் இதே லென்ஸ் போதும். குளத்து நாரைகளையும் மலை அணிலையும்தான் எடுப்பேன் என்றால் 300 வரை நீளும் டெலி லென்ஸுக்குக் காசு சேருங்கள். கல்யாண வீட்டுத் தொழிலுக்கு என்றால் குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்யும் 50 எம்.எம். லென்ஸ் ஒன்றை முதலில் வாங்குங்கள். 'எல்லாத்தையும் எடுப்பேன் அண்ணாச்சி' என்கிறவர், ஆறு மாசம் கையில் இருக்கிற செல்போனிலேயே எடுத்துப் பழகலாம். அதற்குள் உங்கள் விரல் எதை நோக்கிப் போகிறது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

ஒரு முக்கியமான விஷயம். முக்காலியோடு பாறை மேல் ஏறும் முன் மலையைப் பாருங்கள். 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீரென்று இறங்கிய வெள்ளம் ஒரு பள்ளி மாணவனின் உயிரைக் கொண்டுபோனது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே காட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். எந்தப் படமும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

'இப்போ டி.எஸ்.எல்.ஆரே போயிடுச்சே சார்... மிரர்லெஸ்தானே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான். அந்தச் சாய்ந்த கண்ணாடியை எடுத்துவிட்டு, சென்ஸார் பார்ப்பதையே சின்னத் திரையில் காட்டுகிறது மிரர்லெஸ். 2020-ல் வந்த 1டி எக்ஸ் மார்க்-3 தான் தங்களின் கடைசி உச்சநிலை டி.எஸ்.எல்.ஆர். என்று கேனன் தலைவரே 2021 கடைசியில் சொல்லிவிட்டார். நிக்கானின் கவனமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 1685-ல் ஸான் பாதிரியார் படம் போட்டுக் காட்டிய கண்ணாடி, மூன்றரை நூற்றாண்டு ஊழியத்துக்குப் பிறகு ஓய்வு பெறுகிறது!

அதனால் வாங்கக் கூடாது என்று அர்த்தமில்லை. வசதி இருப்பவர் மிரர்லெஸ் வாங்கட்டும். வசதி குறைந்தவருக்கு இது திருவிழாக் காலம். வேறொருவர் மாறிப்போனதால் விற்கிற டி.எஸ்.எல்.ஆரும் லென்ஸும் மலிவாகவே கைக்கு வரும். ட்ரைப் புதுசை விட்டுப் பழசைப் பிடித்தார். கிருஷ்ணன் உதிரியைச் சேர்த்துக் கட்டினார். இருவரையும் யாரும் 'உங்க மாடல் பழசு' என்று சொல்லவில்லை!

கடைசியாக ஒன்று. குற்றாலத்தில் நடராஜருக்குச் சித்திர சபை இருக்கிறது. ஐந்து சபைகளில் பொன், வெள்ளி, தாமிரம், ரத்தினம் எல்லாம் வேறு ஊர்களுக்குப் போய்விட, சித்திரத்துக்கென்றே இருக்கிற சபை நமக்கு வாய்த்தது. தென்காசி கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனோ, பிற்காலத்தில் கோயில் பழுதுபட்டால் அதைச் சரி செய்கிறவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்லில் எழுதி வைத்தான். அவன் பயந்தது நடந்தது. ராஜகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990-ல்தான் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய தென்காசிக்காரர்கள் அந்த மொட்டைக் கோபுரத்தின் நிழலில் விளையாடியவர்கள்.

அந்தக் கோபுரத்தின் படம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? ஆச்சியின் டிரங்குப் பெட்டியில், ஏதோ கல்யாணப் படத்தின் பின்னணியிலாவது? தேடுங்கள். கிடைத்தால் உங்கள் புது கேமராவின் முதல் வேலை, அதை ஒரு நகல் எடுத்து வைப்பதாக இருக்கட்டும். இரண்டாவது வேலை, தினமும் நீங்கள் கடந்து போகிற தெருவை, டீக்கடையை, ஓட்டு வீட்டை எடுப்பது. அருவி அடுத்த ஜூனிலும் கொட்டும். ஓட்டு வீடு இருக்குமா என்பதுதான் தெரியாது!